மடியில் கத்தி, விரலில் காயம்



விடியுமுன் பெரட்டுக்குப் போகும் ஒருவரை நிறுத்தி, "கையில, இடுப்புல, பையில என்னென்ன வச்சிருக்கீங்க, கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டால் அங்கேயே ஒரு சின்னக் கடை விரிந்துவிடும். பால்காட்டுக்குப் போகிறவரானால் பால்வெட்டுக் கத்தி, தீட்டுகல், நெற்றி விளக்கு. செம்பனைக் காட்டுக்காரரானால் உளி அல்லது அரிவாள், ஓர் அரம், குலை இழுக்கும் கொக்கி. வெளிக்காட்டு வேலைக்காரருக்குப் பாராங். இவை போக, சட்டைப் பையிலோ மடியிலோ ஒரு மடக்குக் கத்தி எப்போதும் இருக்கும். கயிறு அறுக்க, சாக்குப் பிரிக்க, பழம் நறுக்க, சில சமயம் கால் ஆணியைச் சீவக்கூட அதுதான். வெற்றிலை போடும் பாட்டியின் சுருக்குப் பையைத் திறந்தால் பாக்குவெட்டி.

இவை நமக்குச் சோறு போடும் ஆயுதங்கள். இவற்றைக் குறை சொல்வதற்காக இந்த மாதம் சுகாதாரப் பகுதியை எழுதவில்லை. இவை கையில் இருக்கும்வரை வெட்டுக் காயமும் இருக்கத்தான் செய்யும். ஆனால் காயம் பட்ட அந்தப் பத்து நிமிடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் அந்த விரல் ஒரு வாரத்தில் ஆறுமா, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடக்க வைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை நாம் எப்படிக் கழிக்கிறோம்? "சின்னக் காயந்தானே" என்று சொல்லி, விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, அடுத்த மரத்துக்குப் போகிறோம்.

ஏன் போகிறோம் என்பதும் தெரிந்த கதைதான். பாலின் எடையைப் பொறுத்து வருமானம் கூடும், குறையும். வெட்டிய மரத்தில் பால் வடிந்துகொண்டிருக்கிறது. இன்னும் இருநூறு மரம் பாக்கி. வெயில் ஏறினால் மரத்துக்குள் பாலின் அழுத்தம் குறைந்துவிடும். இந்த நேரத்தில் விரலைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினால் அன்றைய சம்பளம் என்னாவது? ஆகவே இது அலட்சியம் மட்டும் அன்று; கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவு. அந்தக் கணக்கில் சில செலவுகள் விட்டுப்போகின்றன என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

முதலில் கத்தியைப் பற்றிக் கொஞ்சம்.

ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக் காட்டு மரம். அங்கே பழைய காலத்தில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் பாழாகும். 1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி என்பவர், ஒரே வெட்டின் கீழ்விளிம்பை ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவி எடுத்தால் மரம் கெடாமல் பல ஆண்டுகள் பால் தரும் என்று காட்டினார். நாம் இன்றும் பிடித்திருக்கும் கத்தி அந்த முறைக்குப் பிறந்த கத்திதான். மரத்தின் உயிர்ப்பட்டையைத் தொடாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் சீவ வேண்டும். நெற்றி விளக்கின் சின்ன வெளிச்சத்தில் இதைச் செய்கிற கை சாதாரணக் கையா? வைத்தியர் கத்தி பிடிப்பதற்குக் குறைந்த நுட்பம் இல்லை இது.

ஒரு விசித்திரம் பாருங்கள். வெட்டு ஆழமாகி மரத்துக்குக் காயம் பட்டால் மண்டோர் வந்து விளக்குப் பிடித்துப் பார்க்கிறார். "ஏன் காயம் போட்ட?" என்று கேட்கிறார். மழைக்காலத்தில் வெட்டுப்பட்டை அழுகாமல் இருக்க மருந்து பூசச் சொல்கிறார்கள். காயத்தின் வழியாக நோய் நுழையும் என்பது மரத்தின் விஷயத்தில் தோட்டம் முழுக்கத் தெரிந்த பாடம். அதே கத்தி நம் கட்டை விரலைச் சீவினால் யார் விளக்குப் பிடிக்கிறார்கள்? நாமேகூடப் பிடிப்பதில்லை.

மரத்தை வெட்டும்போது மட்டும்தான் கை வெட்டுப்படும் என்று நினைக்க வேண்டாம். தீட்டும்போது படும். இருட்டில் கத்தியைக் கையில் பிடித்தபடி அல்லூரைத் தாண்டும்போது சறுக்கி விழுந்து படும். மோட்டார் சைக்கிளில் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு போய், மேடு பள்ளத்தில் குலுங்கும்போது படும். வீட்டில் கதவு மூலையில் சாய்த்து வைத்த அரிவாள் பிள்ளையின் காலில் விழுந்து படும்.

ஆகவே தீட்டும் வேலையை முதல் நாள் மாலையே, வெளிச்சத்தில், உட்கார்ந்து முடித்துவிடுங்கள். அவசரத்தில் பெரட்டில் நின்றுகொண்டு தீட்டாதீர்கள். கூர் பார்க்கக் கட்டைவிரலைத் தடவும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. காய்ந்த இலையையோ பட்டைச் சீவலையோ வைத்துப் பாருங்கள், அதுவும் அதே சேதியைச் சொல்லும். கூர் மழுங்கினால் ஆபத்து குறையும் என்று எண்ணுவது தவறு. மழுங்கிய கத்திக்குப் பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பலம் கொடுத்த கை வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

உறை வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பில் ஒரு சாண் நறுக்கினால் பால்வெட்டுக் கத்திக்கு உறை தயார். தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக் துண்டைப் பிளந்து அரிவாளின் வாய்க்கு மாட்டிக் கயிறு கட்டலாம். பாராங்குக்கு மரத்திலோ தடித்த தோலிலோ உறை. காசு செலவில்லாத காரியம். என்றாலும், கத்திக்கு உறையும், கைக்கு உறையும், காட்டில் மண்டோரிடம் முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்பது நம் உரிமை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அந்தப் பொறுப்பை முதலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது. டியூப் நறுக்கிக்கொண்டே அதையும் கேளுங்கள்.

செம்பனைத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சின்ன மரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்குக் கழியில் கட்டிய அரிவாள். அந்தக் கழி மூங்கிலாக இருந்த காலம் போய் இப்போது அலுமினியமாகிவிட்டது. அலுமினியத்தில் மின்சாரம் பாயும். மின்கம்பி போகும் ஓரத்து நிரையில் கழியை நிமிர்த்தும் முன் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். கம்பிக்கு அருகில் உள்ள மரத்தை, "வெட்ட முடியாது" என்று மண்டோரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வெட்டுக்கு முதலுதவி கிடையாது.

இனி மடக்குக் கத்தி. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, சின்னது என்பதால். பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால் குத்தவோ நெம்பவோ செய்தால் அது மடங்கி, பிடித்திருக்கும் விரல்களையே கடிக்கும். ஆணி பிடுங்கவும் டின் திறக்கவும் அதைப் பயன்படுத்தாதீர்கள். இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். ஒருவர் கத்தியை நாலு பேர் வாங்கிப் பயன்படுத்துவது நமக்குச் சகஜம். "அண்ணே, கத்தியக் கொஞ்சம் கொடுங்க" என்று வாங்கி, நகம் வெட்டி, கால் ஆணி சீவி, துடைத்துத் திருப்பிக் கொடுப்போம். மாலையில் அதே கத்தி வீட்டில் பிள்ளைக்கு மாங்காய் நறுக்கும். கால் ஆணி சீவும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டினாலும் போதும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் 'பி' கிருமி அதில் இருக்கக்கூடும். காய்ந்த ரத்தத்திலும் அது ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். நம் நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போட்டு வருகிறார்கள். அதற்கு முன் பிறந்த பெரியவர்கள் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே சவரக் கத்தி, நகவெட்டி, கால் ஆணி சீவும் கத்தி ஆகிய மூன்றும் ஆளுக்கு ஒன்று. கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களோ கத்தியால் கால் ஆணியைத் தொடவே கூடாது. கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

சரி, வெட்டிவிட்டது. இப்போது என்ன செய்வது?

ரத்தம் வந்தால் அழுத்துங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் இறுக்கமாக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தில் "நின்னுடுச்சா?" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை துணியைத் தூக்கிப் பார்க்காதீர்கள்; பார்த்தால் உறைந்து வரும் ரத்தம் பிய்ந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு துணி. ரத்தம் துடித்துத் துடித்துப் பீறிட்டால், அழுத்தியபடியே ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதான். கத்தி முனையோ பெரிய முள்ளோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். சுற்றிலும் துணி வைத்து அசையாமல் கட்டிக் கொண்டு போங்கள்.

ரத்தம் நின்றதும் கழுவுங்கள். இதுதான் இந்தக் கட்டுரையிலேயே பெரிய மருந்து. ஓடும் சுத்தமான தண்ணீர், சாதாரண சோப்பு, ஐந்து நிமிடம். மண், பட்டைத் தூள், பால் எல்லாம் போகும்வரை. அல்லூர்த் தண்ணீர் வேண்டாம். அதில் எலி மூத்திரம் உட்பட என்னென்னவோ கலந்திருக்கும். காட்டுக்குப் போகும்போது குடிப்பதற்கு ஒரு போத்தல், கழுவுவதற்கு இன்னொரு போத்தல் எடுத்துப் போங்கள். (பால் உறையாமல் இருக்கக் கலக்கும் அமோனியாவைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். தெரியாமல் காயத்தில் ஊற்றினாலும் கேடு, பிள்ளை குடித்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.) துவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணிப் பட்டைகள் இரண்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை துடைத்த துண்டையும் தலைப்பாகையையும் கிழித்துக் கட்டுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கழுவிய காயத்தின் மேல் என்ன போடுவது? அயோடின் மருந்து இருந்தால் கொஞ்சம். இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம், சுத்தமான துணிக்கட்டு போதும். நம் வீடுகளில் காப்பித்தூள் வைத்து அழுத்துகிறார்கள். புகையிலை, சுண்ணாம்பு, சாம்பல், சிலந்தி வலை, மோட்டார் எண்ணெய் வரை வைப்பவர்கள் உண்டு. "ரத்தம் உடனே நின்னுச்சே!" என்பார்கள். நிற்கும், எந்தப் பொடியை வைத்து அழுத்தினாலும் நிற்கும், ஏனென்றால் நிறுத்தியது அழுத்தம். பொடி செய்த வேலை, காயத்துக்குள் அழுக்கை வைத்து மூடியது மட்டும்தான். டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது படும் வலி காயத்தின் வலியைவிடப் பெரிது. மரத்துப் பால் தடவினால் காயம் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஒட்டும், உள்ளே உள்ள கிருமியோடு சேர்த்து.

எந்தக் காயத்துக்கு உடனே காட்டைவிட்டு வெளியேற வேண்டும்? வாய் பிளந்து நிற்கும் காயம். மூட்டின் மேல் பட்ட காயம். விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, அல்லது விரல் நுனி மரத்துப் போயிருக்கிறது என்றால் உள்ளே தசைநாரோ நரம்போ அறுந்திருக்கிறது. மேலே பார்க்கக் காயம் சின்னதாக இருக்கலாம், ஏமாந்துவிடாதீர்கள். தசைநாரைச் சில நாட்களுக்குள் தைத்தால் விரல் பிழைக்கும். மாதங்கள் கழித்துப் போனால் மடங்காத விரலோடுதான் மிச்ச வாழ்நாள். கத்தி பிடித்துப் பிழைக்கிறவனுக்கு மடங்காத விரல் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தையல் போட வேண்டிய காயத்தோடு சாயங்காலம்வரை காத்திருக்காதீர்கள். நேரம் போகப் போகக் கிருமி பெருகி, தைக்க முடியாத நிலைக்கு வந்துவிடும்.

விரல் துண்டாகிவிட்டால், துண்டைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வையுங்கள். சதை நேராக ஐஸில் படக்கூடாது. பட்டால் வெந்தது போலக் கெட்டுவிடும்.

இப்போது தாடை இறுக்க நோய். டெட்டனஸ் என்பார்கள்; முதியவர்கள் காயத்து ஜன்னி என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். "துரு பிடிச்ச ஆணி குத்துச்சு, ஊசி போடணும்" என்பது நாம் எல்லோரும் அறிந்தது. ஆனால் இதில் பாதிதான் உண்மை. துருவில் நோய் இல்லை. இந்த நோயின் கிருமி மண்ணிலும், மாட்டுச் சாணத்திலும், குதிரைச் சாணத்திலும் வித்துப்போலத் தூங்கிக் கிடக்கிறது. பளபளவென்று தீட்டிய கத்தி மண்ணில் விழுந்து, எடுத்துத் துடைத்து, கையைக் கிழித்தாலும் அந்த வித்து உள்ளே போகும். காற்றுப் புகாத ஆழமான குத்துக் காயம் அதற்கு மிகவும் பிடித்த இடம். செம்பனை முள் குத்துவது அப்படிப்பட்ட காயம்தான்: மேலே ஒரு புள்ளி, உள்ளே ஆழம்.

பெரும்பாலும் 3 நாளிலிருந்து 21 நாளுக்குள் நோய் தலைகாட்டும். அதற்குள் காயம் ஆறியே போயிருக்கலாம். முதலில் வாய் திறக்க முடியாமல் தாடை இறுகும். பிறகு கழுத்து, முதுகு, வயிறு விறைக்கும். வெளிச்சமோ சத்தமோ பட்டால் உடம்பு வில்லாக வளையும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். அதுதான் இந்த நோயின் கொடுமை. நல்ல ஆஸ்பத்திரியிலும் இதற்கு வாரக்கணக்கில் போராட வேண்டியிருக்கிறது. ஒரு முறை வந்து பிழைத்தவருக்குக்கூட மறுமுறை வராது என்ற உறுதி இல்லை. அவரும் ஊசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊசியோ எளிமையானது. நம் நாட்டில் குழந்தைப் பருவத்தில் போடுகிறார்கள், 15 வயதில் பள்ளிக்கூடத்தில் மறுபடி ஒன்று. பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். காயம் மண்பட்டு அழுக்காகவோ ஆழமாகவோ இருந்து, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேலாகியிருந்தால் அப்போதே ஒன்று. பள்ளியைப் பாதியில் விட்டு வந்த தோழர்கள், அட்டை தொலைந்தவர்கள், "எப்பப் போட்டேன்னே ஞாபகம் இல்லையே" என்பவர்கள், கிளினிக்கில் அப்படியே சொல்லுங்கள். முதலிலிருந்து மூன்று ஊசி போட்டு வைப்பார்கள். 'ஏ.டி.டி.' என்று சொன்னால் டிரஸ்சருக்குப் புரியும். போட்ட தேதியை அடையாள அட்டையோடு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காயம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

டெட்டனசை நாம் கேள்விப்பட்டாவது இருக்கிறோம். நம் தோட்டத்து மண்ணில் இன்னொன்றும் இருக்கிறது, பெயரே பலருக்குத் தெரியாது: மெலியோய்டோசிஸ். 1912-இல் ரங்கூனில் விட்மோர் என்ற டாக்டர் இதை முதலில் விவரித்தார். பிறகு நம் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஸ்டான்டன், ஃபிளெட்சர் என்ற இருவர் ஆராய்ந்து, 1921-இல் இந்தப் பெயரை வைத்தார்கள். நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி இது. மழைக்காலத்தில் காலில் கையில் உள்ள சின்ன வெட்டு வழியாக உள்ளே போகும். சிலருக்குக் காயத்தில் சீழ். சிலருக்குக் காய்ச்சல், நுரையீரல், கல்லீரல் என்று பரவும். நல்ல உடம்பில் இது அவ்வளவாகத் தலைதூக்குவதில்லை. இதன் முதல் இலக்கு இனிப்பு நீர் உள்ளவர்கள்.

மேலே காரணம் பின்னால் வரும் என்றது இதற்குத்தான். இனிப்பு நீர் நம்மிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒவ்வொரு லயத்திலும் உள்ளவர்களுக்குத் தெரியும். அது காலின் உணர்ச்சியைக் குறைக்கிறது. வெட்டுப்பட்டது தெரியாமலே நடப்பார்கள். ரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. ஆறவேண்டிய புண் ஆறாது. கிருமியை எதிர்க்கும் பலத்தையும் குறைக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த காலில், கத்தியின் ஒரு கீறல் விரலில் தொடங்கி முழங்காலில் போய் அறுவையில் முடிந்த வீடுகள் நமக்குத் தெரியாதவை அல்ல. இனிப்பு நீர் உள்ளவருக்குச் "சின்னக் காயம்" என்ற ஒன்றே கிடையாது. அன்றன்றைக்குக் கிளினிக், தினமும் ராத்திரி கால் கழுவி, விளக்கில் பாதத்தைப் பார்ப்பது. கண் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்து டாக்டரிடம் போகும்போது, "தோட்டத்துல வேலை, மண்ணுல காயம்பட்டுச்சு, இனிப்பு நீர் இருக்கு" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெலியோய்டோசிஸுக்குச் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை வேலை செய்யாது. வாரக்கணக்கில் ஊசியும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் தேவைப்படும். ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டால்தான் பிழைக்க வழி.

எலிக்காய்ச்சலும் வெட்டுக் காயத்தின் வழியாகத்தான் நுழைய விரும்பும். செம்பனைப் பழம் தின்ன எலி வரும், எலி மூத்திரம் ஈர மண்ணில் கலக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண் என்றால் தாமதிக்க வேண்டாம். காயம் உள்ள நாளில் பூட்ஸும், கட்டின் மேல் பிளாஸ்டிக்கும் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள்.

செம்பனை முள்ளைப் பற்றி இன்னொன்று. முள்ளைக் கத்தி முனையால் தோண்டி எடுப்பது நம் வழக்கம். பாதி வரும், மீதி உள்ளே முறிந்து நிற்கும். வாரங்கள் கழித்து விரல் மூட்டு வீங்கும். அப்போது நாம் முள் குத்தியதையே மறந்திருப்போம். டாக்டரும் வாதம் என்று நினைத்து மாத்திரை கொடுக்கக்கூடும். எக்ஸ்ரேயில் முள் தெரியாமல் போகலாம், ஸ்கேனில்தான் தெரியும். "செம்பனை முள்ளு குத்துச்சு" என்ற வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடாகிறது, சிவப்புக் கோடு கையில் ஏறுகிறது, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறிகட்டுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் இரவானாலும் விடிவதற்குக் காத்திருக்காதீர்கள்.

கத்தியோடு டவுனுக்குப் போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில், வேலைக்கான கத்தி, உறை போட்டுக் கட்டியிருந்தால் காரணம் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கோ கோயில் திருவிழாவுக்கோ மோட்டார் சைக்கிள் பெட்டியில் பாராங் கிடந்தால் என்ன காரணம் சொல்வீர்கள்? 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது கடுமையான குற்றம். சிறையும் பிரம்படியும் உண்டு. இளைஞர்களுக்குத் தாய்மார்கள் சொல்லி வையுங்கள்: வேலை முடிந்தால் கத்தி வீட்டில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.

கடைசியாக, அந்தச் சம்பளக் கணக்குக்கு வருவோம். வேலையில் பட்ட காயத்தை மண்டோரிடம் அன்றைக்கே சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள், சின்னதாக இருந்தாலும். "இதுக்கெல்லாமா?" என்று சிரித்தால் சிரிக்கட்டும். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நடந்த நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் டாக்டர் விடுப்பு எழுதியிருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக முடக்கப் படியாகக் கிடைக்கும். பதிவு இல்லாமல், மூன்று வாரம் கழித்து விரல் அழுகிய பிறகு, "அது காட்டுல பட்ட காயம்தான்" என்று நிரூபிப்பது பெரிய பாடு. தலைவர்கள் வந்து வாதாட வேண்டியிருக்கும், அப்போதும் கையில் காகிதம் இல்லாவிட்டால் வாய் மட்டும்தான் மிஞ்சும். கிளினிக்கில் கொடுக்கும் சீட்டு, விடுப்புச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்துக்கும் சொக்சோ உண்டு.

பக்கத்து நிரையில் இன்று வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்த தோழர் இருக்கலாம். 2019 ஜனவரி முதல் வேலை விபத்துக்கு அவருக்கும் சொக்சோ பாதுகாப்பு இருக்கிறது. அவருக்கு இது தெரிந்திருக்காது, வேலை போய்விடும் என்று பயந்து காயத்தை மறைப்பார். கையில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தால் கூட ஒருவர் போய், மண்டோரிடம் சொல்லி எழுத வைத்து, கிளினிக்குக்கும் அழைத்துப் போங்கள். கடைசியாக ஊசி எப்போது போட்டார் என்று அங்கே கேட்பார்கள். அவருக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லச் சொல்லுங்கள்.